பிள்ளைகளுக்கு மண்ணையும் கல்லையும் சொல்லிக் கொடுப்போம்

(கூட்டமைப்பின் பொதுக்குழுக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் ஆற்றிய உரை. உறுப்பினர்கள் பலர் கேட்டுக் கொண்டதால் இங்கு வெளியிடுகிறோம்.)



சேமிப்பு, உள்கடன், வங்கிக் கடன், திருப்பிச் செலுத்துதல் பற்றியெல்லாம் காலையிலிருந்து பேசிவிட்டோம். இப்போது மண்ணைப் பற்றிப் பேசப் போகிறோம் என்றதும் பின்னால் இருக்கும் அக்கா ஒருவர் சிரிக்கிறார். "மண்ணைப் பத்தி எங்களுக்கு நீங்க சொல்லணுமா?" என்று கேட்கிற சிரிப்பு அது. நியாயமான கேள்விதான். மண்ணைப் பற்றி உங்களுக்குச் சொல்ல நாங்கள் வரவில்லை. உங்களுக்குத் தெரிந்த மண்ணை உங்கள் பிள்ளைகளுக்கு யார் சொல்லிக் கொடுப்பது என்று கேட்கத்தான் வந்திருக்கிறோம்.

புத்தகத்தில் உள்ள மண்ணும் காலில் ஒட்டும் மண்ணும்

நம் பிள்ளைகளின் பாடப் புத்தகத்தில் மண் உண்டு. சின்ன வகுப்புகளில் சூழ்நிலையியலில் வரும். எட்டாம் வகுப்பு சமூக அறிவியலில் 'பாறை மற்றும் மண்' என்றே தனியாக ஒரு பாடம் இருக்கிறது. தீப்பாறை, படிவுப் பாறை, உருமாறிய பாறை என்று மூன்று வகைப் பாறைகள். வண்டல், கரிசல், செம்மண், சரளை மண் என்று மண் வகைகள். நல்ல பாடம்தான். குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஆனால் என்ன நடக்கிறது? பிள்ளைங்க அதை மனப்பாடம் செய்து தேர்வில் எழுதிவிட்டு மறந்துவிடுகிறார்கள். "கரிசல் மண்ணில் பருத்தி விளையும்" என்று எழுதி ஒரு மதிப்பெண் வாங்கிய பிள்ளைக்கு, தன் வீட்டு வாசலில் கிடப்பது கரிசலா செம்மண்ணா என்று கேட்டால் பதில் தெரிவதில்லை. பருத்திக் காட்டில் அம்மாவோடு போய் பருத்தி எடுத்த பிள்ளைதான் அதுவும்! புத்தகத்தில் இருக்கிற கரிசலும் தன் காலில் அப்பிக்கொண்டு வருகிற கரிசலும் ஒன்றுதான் என்று அதற்கு யாரும் சொல்லவில்லை.

இதில் இன்னொரு வருத்தமும் இருக்கிறது. "எங்கம்மாவுக்கு ஒண்ணும் தெரியாது, அவங்க படிக்கல" என்று பிள்ளைகள் சொல்வதைப் பல ஊர்களில் கேட்கிறோம். நாமும் அதையே சொல்லிக்கொள்கிறோம். "நான் கைநாட்டு, எனக்கு என்ன தெரியும்?" என்கிறோம். எந்த மண்ணில் களை சீக்கிரம் வரும், எது மழைக்கு மறுநாள் மிதிக்க விடாது, எந்த மண் அடுப்பு போட்டால் வெடிக்காது, எந்தக் கல் அம்மிக்கு ஆகும் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். இது எல்லாமே அறிவியல்தான். சான்றிதழ் இல்லாத அறிவியல், அவ்வளவுதான் வித்தியாசம்.

கல்லைத் தூக்கி எறியாதீங்க

முதலில் ஒரு சின்ன வேண்டுகோள். பையன் கால்சட்டைப் பையிலும் பெண்பிள்ளை புத்தகப் பையிலும் கல் பொறுக்கிக்கொண்டு வருவார்கள். நாம் என்ன செய்கிறோம்? "குப்பையை எல்லாம் வீட்டுக்குள்ள கொண்டு வராதே" என்று வாசலுக்கு வெளியே எறிகிறோம். பிள்ளை அழுதால் முதுகில் ஒன்று வைக்கிறோம்.

அடுத்த முறை எறியாதீர்கள். "இது எங்க கிடைச்சுது? இது ஏன் மினுக்குது?" என்று ஒரு கேள்வி மட்டும் கேளுங்கள். மினுக்குவது காக்காப்பொன்னாக இருக்கும். வெள்ளையாகப் பளிச்சென்று இருந்தால் வெங்கச்சங்கல். இருட்டில் இரண்டு வெங்கச்சங்கல்லை உரசிப் பொறி பார்த்த அனுபவம் நம்மில் எத்தனை பேருக்கு உண்டு! சொரசொரவென்று சிவப்பாக, ஓட்டை ஓட்டையாக இருந்தால் செம்பராங்கல். வழுவழுவென்று உருண்டையாக இருந்தால் ஓடைக் கூழாங்கல். தண்ணீர் உருட்டி உருட்டி அதன் மூலை முனையெல்லாம் தேய்ந்து போயிருக்கிறது.

கடையில் முட்டை வைக்கும் அட்டை கேட்டால் சும்மாவே கொடுப்பார்கள். அதில் குழிக்கு ஒரு கல் வைக்கச் சொல்லுங்கள். சின்னச் சீட்டில் எங்கே எடுத்தது, எந்தத் தேதியில் எடுத்தது, யார் எடுத்தது என்று எழுதி வைக்கட்டும். பெரிய பெரிய அருங்காட்சியகங்களிலும் இப்படித்தான் செய்கிறார்கள்.

அடுப்படியிலேயே மூன்று பாறை

மூன்று வகைப் பாறையை எப்படிப் புரியவைப்பது? அதற்கும் நம் சமையல்கட்டே போதும்.

வெல்லப்பாகு காய்ச்சுகிறோம். சூடாக இருக்கும்போது ஓடுகிறது, ஆறினால் கட்டியாகிறது. பூமிக்கு அடியில் பாறைக் குழம்பு இருக்கிறது. அது ஆறி இறுகினால் தீப்பாறை. மெதுவாக ஆறினால் கற்கண்டு மாதிரி பெரிய பெரிய மணிகள் தெரியும். கிரானைட் கல்லை உற்றுப் பார்த்தால் அந்த மணிகள் தெரியும்.

ஏரியில் மழைத் தண்ணீர் வந்து வடிந்த பிறகு அடியில் வண்டல் படிகிறது. அடுத்த வருடம் அதன் மேல் இன்னொரு படிவு. இப்படி லட்சக்கணக்கான வருடம் படிந்து, மேலே உள்ள பாரம் அழுத்தி இறுகினால் படிவுப் பாறை. சுண்ணாம்புக் கல், மணற்கல் எல்லாம் இந்த வகை.

பச்சைச் செங்கல்லைச் சூளையில் வைக்கிறோம். வெந்து வந்த செங்கல் பழைய களிமண்ணா? இல்லை. நிறம் மாறிவிட்டது, தண்ணீரில் கரையாது. அதுபோல இருக்கிற பாறையே பூமிக்குள் வெப்பத்திலும் அழுத்தத்திலும் மாறினால் உருமாறிய பாறை. சுண்ணாம்புக் கல் இப்படி மாறினால் சலவைக்கல்.

இவ்வளவுதான் பாடம். பாகு, வண்டல், செங்கல் என்று மூன்று வார்த்தை சொல்லிக் கொடுத்தால் பிள்ளை ஆயுளுக்கும் மறக்காது.

நம் மாவட்டத்திலேயே கடல் இருந்தது

நாம் பெரம்பலூர், அரியலூர் பக்கத்துக்காரர்கள். நம் காலடியில் எவ்வளவு பெரிய கதை இருக்கிறது என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. வெளிநாட்டிலிருந்து கூட நிலவியல் படித்தவர்கள் இங்கே வந்து கல்லைப் பார்த்துவிட்டுப் போகிறார்கள்.

பச்சைமலைப் பக்கம் இருப்பது கெட்டியான பழைய பாறை. அங்கிருந்து தெற்கே, கிழக்கே வந்தால் மண்ணும் கல்லும் மாறிவிடும். சுண்ணாம்புக் கல் வரும், களி வரும், கல்லுக்குள் சிப்பி வரும். காரணம் என்ன? டைனோசர்கள் வாழ்ந்த காலத்தில், சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன், இந்தப் பகுதியைக் கடல் மூடியிருந்தது. அந்தக் கடலில் வாழ்ந்து செத்த சிப்பி, நத்தை போன்ற உயிர்களின் ஓடுகள் சேற்றில் புதைந்து கல்லாகிவிட்டன. அரியலூரில் இத்தனை சிமெண்ட் ஆலைகள் இருப்பதும் அந்தக் கடல் விட்டுப் போன சுண்ணாம்புக் கல்லால்தான். நம் வீட்டுச் சுவரில் பூசிய சிமெண்டில் பழைய கடல் இருக்கிறது என்று பிள்ளைகளிடம் சொல்லிப் பாருங்கள், கண்ணை விரித்துக்கொண்டு கேட்பார்கள்.

ஆலத்தூர் வட்டத்தில் சாத்தனூர் கல்மரம் இருக்கிறது. பஸ்ஸில் போகும்போது பெயர்ப் பலகையைப் பார்த்திருப்பீர்கள். 18 மீட்டர் நீளமுள்ள மரம் அப்படியே கல்லாகிப் படுத்திருக்கிறது. 1940ஆம் ஆண்டு நிலவியல் அறிஞர் எம்.எஸ். கிருஷ்ணன் அதை உலகத்துக்குத் தெரியப்படுத்தினார். இப்போது தேசிய நிலவியல் நினைவுச் சின்னமாகப் பாதுகாக்கிறார்கள். அரியலூர் அருகே வாரணவாசியில் இப்படிப்பட்ட தொல்லுயிர் எச்சங்களுக்கென்றே அரசு அருங்காட்சியகம் இருக்கிறது. பள்ளிச் சுற்றுலா என்றால் தூரத்து ஊருக்குத்தான் போக வேண்டும் என்று யார் சொன்னது? முதலில் இந்த இரண்டு இடத்தையும் பிள்ளைகள் பார்க்கட்டும்.

2020ல் குன்னத்தில் குளத்தில் மண் எடுத்தபோது உருண்டை உருண்டையாகக் கற்கள் வந்தது பலருக்கு நினைவிருக்கும். "டைனோசர் முட்டை" என்று செல்போனில் செய்தி பறந்தது. ஊரே திரண்டு போய்ப் பார்த்தது. நிலவியல் தெரிந்தவர்கள் வந்து பார்த்து, இது முட்டை இல்லை, பழைய கடல் உயிர்களைச் சுற்றிப் படிவுகள் திரண்டு உருவான கல் உருண்டைகள் என்று விளக்கினார்கள். அம்மோனைட் என்பது அந்தக் கடலில் வாழ்ந்த ஓர் உயிர். நத்தை மாதிரி சுருண்ட ஓடு இருக்கும், ஆனால் கணவாய் மீனுக்குச் சொந்தம்.

இதில் நம் பிள்ளைகளுக்கு ஒரு பாடம் இருக்கிறது. யாரோ சொன்னார்கள் என்று நம்பிவிடக் கூடாது. கையில் எடுத்துப் பார்க்க வேண்டும், ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும், தெரிந்தவரைக் கேட்க வேண்டும். சீட்டு கம்பெனி விஷயத்திலும் செல்போன் செய்தி விஷயத்திலும் இதே பழக்கம்தான் அவர்களைக் காப்பாற்றும்.

வகுப்பில் செய்யக்கூடிய ஐந்து சோதனைகள்

நாங்கள் சில பள்ளிகளில் ஆசிரியர்களோடு சேர்ந்து செய்து பார்த்தவற்றைச் சொல்கிறோம். எதற்கும் பைசா செலவு இல்லை.

1. பாட்டில் சோதனை: மூடியுள்ள தெளிவான பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு மண் போட்டு, மீதிக்குத் தண்ணீர் ஊற்றி, நன்றாகக் குலுக்கி அசையாமல் வைக்க வேண்டும். ஒரு நிமிடத்துக்குள் மணல் அடியில் இறங்கிவிடும். அதன் மேல் வண்டல் சில மணி நேரத்தில் படியும். களி படிய ஒரு நாளோ அதற்கு மேலோ ஆகும். இலைதழை மக்கு மேலே மிதக்கும். மறுநாள் பாட்டிலைப் பார்த்தால் அடுக்கடுக்காகத் தெரியும். பிள்ளைகள் அளவுகோல் வைத்து அளந்து எழுதலாம். அறிவியலோடு கணக்கும் வந்துவிடும்.

2. முறுக்குச் சோதனை: மண்ணில் கொஞ்சம் தண்ணீர் விட்டுப் பிசைந்து கயிறாகத் திரிக்க வேண்டும். முறுக்கு போல வளைத்தாலும் உடையாமல் இருந்தால் களி அதிகம். திரிக்கவே வராமல் புட்டு மாதிரி உதிர்ந்தால் மணல் அதிகம். திரிக்க வந்து, வளைத்தால் விரிசல் விட்டால் இரண்டும் கலந்த மண். பெண்பிள்ளைகள் மட்டுமல்ல, பையன்களும் முறுக்கு சுற்றக் கற்றுக்கொள்வது உபரி லாபம்!

3. வடிகால் சோதனை: பிளாஸ்டிக் பாட்டிலைக் குறுக்கே வெட்டி, வாய்ப் பகுதியைத் துணியால் கட்டிக் கவிழ்த்து, அதில் மண் நிரப்பி ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்ற வேண்டும். எந்த மண்ணில் எவ்வளவு நேரத்தில், எவ்வளவு தண்ணீர் கீழே வருகிறது என்று பார்க்க வேண்டும். பிறகு, "சின்ன வெங்காயம் போட எது தோது? நெல்லுக்கு எது தோது?" என்று கேளுங்கள். வேர் அழுகுவது ஏன் என்று அவர்களே சொல்லிவிடுவார்கள்.

4. எலுமிச்சைச் சோதனை: சுக்கான் கல்லை நுணுக்கி அதன் மேல் எலுமிச்சைச் சாறு பிழிந்தால் சின்னச் சின்னக் குமிழ் வரும். கருங்கல் தூளில் வராது. சுண்ணாம்பு உள்ள கல்லைக் கண்டுபிடிக்க நிலவியல் படித்தவர்களும் அமிலம் விட்டுத்தான் பார்க்கிறார்கள். வகுப்பில் எலுமிச்சை போதும். வேறு அமிலம் எதையும் பிள்ளைகள் தொடக் கூடாது.

5. புதையல் சோதனை: பள்ளிக்கூடத்து மூலையில் ஒரு முழம் ஆழம் தோண்டி, வெங்காயத் தோல், காய்ந்த இலை, பருத்தித் துணி, பாலிதீன் பை ஆகியவற்றைப் புதைத்து, அடையாளம் வைத்து, அவ்வப்போது தண்ணீர் தெளிக்க வேண்டும். இரண்டு மாதம் கழித்துத் தோண்டிப் பார்த்தால் எது மக்கியது, எது அப்படியே இருக்கிறது என்று தெரியும். மண் செத்த பொருள் அல்ல. ஒரு மேசைக்கரண்டி வளமான மண்ணில் உள்ள உயிர்கள் உலகத்து மனிதர்களின் எண்ணிக்கையை விட அதிகம். மக்க வைப்பது அவைதான்.

முறத்தில் வந்த பாடம்

நமது பகுதியில் ஒரு பள்ளியில் ஆசிரியை ஒருவர், "மண் பாடம் நடத்த அம்மாக்கள் யாராவது வருவீங்களா?" என்று கேட்டு அனுப்பினார். குழுக் கூட்டத்தில் பேச்சு வந்தபோது எல்லோரும் தயங்கினார்கள். "டீச்சர் முன்னாடி நின்னு நாம என்னத்த பேசறது?" என்றார்கள். கடைசியில் ஐம்பது வயது தாண்டிய ஒரு அக்கா, "பேசத் தெரியாது, காட்டத் தெரியும்" என்று கிளம்பினார்.

ஒரு முறத்தில் மூன்று குவியல் மண் கொண்டு போனார். கரிசல், செம்மண், ஏரி வண்டல். பிள்ளைகளைக் கண்ணை மூடச் சொல்லி, கையில் கொடுத்து, தடவிப் பார்த்து, மோந்து பார்த்துச் சொல்லச் சொன்னார். "கோடையில நம்ம கரிசக்காடு ஏன் பாளம் பாளமா வெடிக்குது?" என்று கேட்டார். ஒருவருக்கும் தெரியவில்லை. கரிசல் தண்ணீரைக் குடித்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கும், அதனால்தான் வெடிப்பு, அந்த வெடிப்பில் மேல்மண் விழுந்து தானாகவே கலந்துகொள்ளும் என்று அவர் பாணியில் சொன்னார். செம்மண் ஏன் சிவப்பு என்று ஒரு பிள்ளை கேட்டது. அதற்கு ஆசிரியை பதில் சொன்னார்: மண்ணில் இருக்கிற இரும்பு துருப்பிடித்த நிறம் அது. அக்காவும் அன்றைக்கு ஒரு புது விஷயம் தெரிந்துகொண்டார். இரண்டு பேரும் சேர்ந்துதான் அந்த வகுப்பு நடந்தது.

அப்போது ஐந்தாம் வகுப்புப் பெண்பிள்ளை ஒருத்தி எழுந்து, "எங்க வயல்ல மட்டும் ஏன் மேல மண்ணே இல்ல? கல்லும் சுக்கானும்தான் இருக்கு?" என்று கேட்டாள்.

வகுப்பு அமைதியாகிவிட்டது. அந்தக் குடும்பம் இரண்டு வருடத்துக்கு முன் செங்கல் சூளைக்கு மண் கொடுத்துவிட்டது என்று அந்த அக்காவுக்குத் தெரியும். ஆஸ்பத்திரிச் செலவுக்காகக் கொடுத்தார்கள். "மூணு அடி மண்ணுதானே, நிலம் நம்மகிட்டயேதானே இருக்கு" என்று நினைத்தார்கள்.

மேல்மண் போனால் என்ன போகிறது?

சகோதரிகளே, இதற்காகத்தான் இவ்வளவு நேரம் பேசினோம். பயிருக்குச் சோறு போடுவது மேலே உள்ள அரை அடி, முக்கால் அடி மண். மக்கும், மண்புழுவும், நுண்ணுயிரும் பெரும்பாலும் இருப்பது அங்கேதான். இரண்டு, மூன்று சென்டிமீட்டர் மேல்மண் உருவாக ஆயிரம் ஆண்டு வரை ஆகலாம் என்று ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை அமைப்பு சொல்கிறது. அரை அடி என்பது 15 சென்டிமீட்டர். கணக்குப் போட்டுப் பாருங்கள். நம் பாட்டனுக்குப் பாட்டன் காலத்துக்கும் முன்னால் தொடங்கி உருவான மண்ணை ஜே.சி.பி. இயந்திரம் ஒரே நாளில் லாரியில் ஏற்றிவிடும்.

அந்தக் குடும்பத்தை நாங்கள் குற்றம் சொல்லவில்லை. அவசரத்துக்குப் பணம் வேண்டும், கையில் இருந்தது மண், கொடுத்தார்கள். ஆனால் அந்தத் தாய் நம் குழு உறுப்பினர். பள்ளியில் மகள் கேட்ட கேள்வியை அடுத்த கூட்டத்தில் அவரே எடுத்துச் சொன்னார். "மண்ணை விக்கிறதுக்கு முன்னாடி குழுவுல கேட்கணும்னு எனக்குத் தோணல. வீட்டு விஷயம்னு நினைச்சேன்" என்றார். அன்றைக்கு அந்தக் குழு ஒரு முடிவு எடுத்தது. யார் வீட்டிலாவது மேல்மண் கொடுக்கும் பேச்சு வந்தால் முதலில் குழுவில் சொல்ல வேண்டும். மருத்துவச் செலவுக்கான அவசரம் என்றால் உள்கடனில் அதற்கு முன்னுரிமை தர வேண்டும். பதிவேட்டில் எழுதி எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். சூளைக்கு மண் எடுக்க அரசு அனுமதி வேண்டும் என்பதையும் அன்றைக்குப் பலர் தெரிந்துகொண்டார்கள்.

அந்த வயல் இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்பீர்கள். முறையாக அனுமதி பெற்று ஏரி வண்டல் அடித்திருக்கிறார்கள். தொழுஉரம் போடுகிறார்கள். தக்கைப்பூண்டு விதைத்து, பூக்கும் பருவத்தில் மடக்கி உழுகிறார்கள். கொஞ்சம் தேறியிருக்கிறது. பழைய விளைச்சல் வரவில்லை. வர இன்னும் பல வருடம் ஆகும். மறைக்காமல் சொல்ல வேண்டும் என்பதால் சொல்கிறோம். ஐந்தாம் வகுப்புப் பிள்ளையின் கேள்வி நாலு வருடத்துக்கு முன் வந்திருந்தால் அந்த மண் அங்கேயே இருந்திருக்கும்.

மண் மாதிரி எடுக்கப் பிள்ளைகளையும் கூட்டிப் போங்கள்

2015ல் மத்திய அரசு மண்வள அட்டைத் திட்டத்தைத் தொடங்கியது. நம் உறுப்பினர்கள் சிலர் வீட்டில் அட்டை இருக்கிறது. டிரங்குப் பெட்டியில் பத்திரமாக இருக்கிறது! அதை எடுத்துப் பிள்ளையிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து, கார அமில நிலை எல்லாம் அதில் இருக்கும். பாடப் புத்தகத்தில் படிப்பது தன் வயலுக்கே எழுதப்பட்டிருப்பதைப் பார்த்தால் அந்தப் படிப்பின் மேல் ஒரு பிடிப்பு வரும்.

மாதிரி எடுப்பது எளிது. வயலில் பத்துப் பதினைந்து இடங்களில், மேலே கிடக்கும் குப்பையை ஒதுக்கிவிட்டு, ஆங்கில 'வி' எழுத்து போல அரை அடி ஆழம் வெட்ட வேண்டும். அந்த மண்ணை எடுத்துப் போட்டுவிட்டு, குழியின் பக்கவாட்டில் மேலிருந்து கீழ் வரை சீவி எடுக்க வேண்டும். வரப்பு ஓரம், மர நிழல், எருக்குழி பக்கம் எடுக்கக் கூடாது. எல்லாவற்றையும் நன்றாகக் கலந்து, பரப்பி, நாலு பங்காகப் பிரித்து, எதிரெதிர்ப் பங்கு இரண்டைத் தள்ளிவிட வேண்டும். அரை கிலோ வரும் வரை இப்படியே செய்து, நிழலில் உலர்த்தி, துணிப்பையில் போட்டு, பெயர், ஊர், சர்வே எண், அடுத்து போடப் போகும் பயிர் எழுதி வேளாண்மை அலுவலகத்தில் கொடுக்கலாம்.

சில எச்சரிக்கைகள்

கல் பொறுக்கும் ஆசையில் பிள்ளைகள் கல்குவாரிப் பக்கம் போகக் கூடாது. வேலை நின்றுபோன குவாரிக் குழியில் தண்ணீர் நிற்கும். பார்க்கக் குளம் மாதிரி இருக்கும், ஆனால் படி கிடையாது, ஆழம் தெரியாது, ஏறி வரப் பிடிமானம் இருக்காது. இதைக் கண்டிப்பாகச் சொல்லி வையுங்கள்.

மண்ணைத் தொட்டு விளையாடட்டும், பரவாயில்லை. ஆனால் செருப்பு போட்டிருக்க வேண்டும். கொக்கிப்புழு வெறுங்கால் வழியாகத்தான் உடம்புக்குள் போகிறது, இரத்தத்தை உறிஞ்சிச் சோகையாக்குகிறது. விளையாடி முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். பள்ளியிலும் அங்கன்வாடியிலும் தரும் பூச்சி மாத்திரையைத் தவறாமல் போடச் சொல்லுங்கள். பிள்ளை மண்ணையோ சாக்பீஸையோ தின்றால் அடிக்காதீர்கள். இரும்புச்சத்துக் குறைவு இருந்தாலும் அப்படித் தின்னத் தோன்றும். ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போய் இரத்தம் சோதித்துப் பாருங்கள்.

சாத்தனூர் போன்ற பாதுகாக்கப்பட்ட இடங்களில் ஒரு கல்லைக் கூட எடுக்கக் கூடாது என்றும் சொல்லிக் கொடுங்கள். பார்க்கலாம், படம் வரையலாம். அடுத்த ஊர்ப் பிள்ளைகளும் வந்து பார்க்க வேண்டும் அல்லவா?

நாம் என்ன செய்யலாம்?

கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009ல் வந்தது, 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளது. அதன்படி அரசுப் பள்ளிகளில் பள்ளி மேலாண்மைக் குழு இருக்க வேண்டும். உறுப்பினர்களில் நாலில் மூன்று பங்கு பெற்றோர்கள், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். அதாவது அது நமக்கான இடம். வெறும் கையெழுத்துப் போட மட்டும் அங்கே போகாதீர்கள். இவற்றைக் கேளுங்கள்:

• ஆண்டுக்கு இரண்டு நாளாவது மண், கல், பயிர் பற்றிச் சொல்ல ஊர்ப் பெண்களை வகுப்புக்கு அழைக்க வேண்டும். டிசம்பர் 5 உலக மண் நாள், அன்றே தொடங்கலாம்.

• வகுப்பில் ஓர் அலமாரித் தட்டில் 'எங்கள் ஊர் கல்லும் மண்ணும்' என்று பிள்ளைகள் சேகரித்ததை வைக்க வேண்டும்.

• பள்ளிச் சுற்றுலாவில் சாத்தனூரையும் வாரணவாசியையும் சேர்க்க வேண்டும்.

ஆசிரியர்களுக்கு வேலை அதிகம், பதிவேடுகள் அதிகம் என்பது நமக்கும் தெரியும். அதனால் குறை சொல்லும் குரலில் போக வேண்டாம். "நாங்க மண்ணு கொண்டு வர்றோம், பாட்டில் கொண்டு வர்றோம், ஒரு மணி நேரம் கொடுங்க டீச்சர்" என்று போங்கள். கதவு திறக்கும்.

குழுக்களும் ஒன்று செய்யலாம். அடுத்த மாதக் கூட்டத்தில், யார் யார் வீட்டில் என்ன மண், கடைசியாக எப்போது எரு அடித்தது, யாராவது மண் கேட்டு வந்தார்களா என்று பேசுங்கள். பதிவேட்டில் ஒரு பக்கம் அதற்கு ஒதுக்குங்கள். சேமிப்பு என்று நாம் சொல்வது பணம் மட்டும்தானா? வங்கியில் உள்ள பணம் குறைந்தால் மறுபடி போட்டுவிடலாம். நிலத்தில் உள்ள மண் குறைந்தால் போட யாராலும் முடியாது.

நிலம் இல்லாத சகோதரிகளும் இங்கே இருக்கிறீர்கள். "எங்களுக்கு இதுல என்ன?" என்று நினைக்க வேண்டாம். ஊரில் மண் கெட்டால் முதலில் குறைவது கூலி வேலை நாட்கள்தான். நடவும் களையெடுப்பும் அறுவடையும் மண்ணை நம்பித்தான் இருக்கின்றன. மேலும், மண்ணைப் பற்றிச் சொல்லத் தெரிந்தவர்களில் பாதிப் பேர் நீங்கள்தான். பத்து வீட்டு வயலில் கால் வைத்தவர்களுக்குத்தான் பத்து வகை மண் தெரியும். வகுப்புக்கு முதலில் போக வேண்டியது நீங்கள்.

ஒவ்வொரு குழுவிலும் ஒருவர் பெயரை இன்றைக்கே ஊக்குநரிடம் கொடுத்துவிட்டுப் போங்கள். எந்தப் பள்ளிக்கு, எந்த மாதம் என்று அட்டவணை போட்டு, தலைமையாசிரியர்களிடம் பேசுவது எங்கள் பொறுப்பு. முறமும் மண்ணும் உங்கள் பொறுப்பு.